பிள்ளைக்கு இந்த ஃபேன்டஸி நாவல் குடுக்கலாமா? வாங்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

பிள்ளைக்கு எட்டோ ஒன்பதோ ஆகுது, கிளாஸ்ல பாதிப் பேருக்கு ஹாரி பாட்டர் பேச்சுதான், வீட்டுக்கு வந்து எனக்கும் வேணும்னு நிக்குது. நெட்ல தேடினா ஒருத்தர் ஏழு வயசுலயே குடுங்கங்கறார், இன்னொருத்தர் பதிமூணு வயசு வரைக்கும் கண்ணுலயே காட்டாதீங்கங்கறார், கடையில கேட்டா எல்லாப் பிள்ளைங்களும் இதைத்தான் வாங்குறாங்க மேடம்னு சொல்லி பில் போடப் போயிடறாங்க. வீட்டுல ரெண்டு பேருக்கும் புக்கு தேர்ந்தெடுக்க அலைஞ்சு அலைஞ்சு எனக்குன்னு ஒரு வழி பிடிபட்டுச்சு, அதைத்தான் இங்க வரிசையா எழுதுறேன்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். சினிமாவுக்குன்னா நம்ம நாட்டுல சென்சார் சர்டிபிகேட் இருக்கு, 2024ல யுஏவையே 7+, 13+, 16+னு மூணாப் பிரிச்சாங்க. புக்குக்கு அப்படி எதுவும் கிடையாது. அட்டையில போட்டிருக்கிற வயசு பதிப்பகம் போட்டது, அவ்வளவுதான். அதனால பாக்குற வேலை நம்மளோடதுதான், ஆனா அதுக்கு முழு புக்கையும் படிச்சாகணும்னு இல்ல, ரெண்டு சாயங்காலமும் ஒரு வெள்ளைத் தாளும் போதும்.

1. முதல்ல பிள்ளையைப் பாருங்க, அப்புறம் புக்கு

தாள்ல மேல பிள்ளை பேரை எழுதி அதுக்குக் கீழ மூணு விஷயம் எழுதுங்க. எதைப் பாத்தா பயம், இந்த ஒரு வருஷத்துல வீட்டுல என்ன நடந்துச்சு, ஒரே மூச்சுல எத்தனை பக்கம் படிக்குது.

பயம்னு பொதுவா எழுதாதீங்க. என் சின்னவனுக்குப் பேய்னா சிரிப்பு, ஆனா எட்டுக்கால் பூச்சியைப் பாத்துட்டா கட்டிலை விட்டு இறங்க மாட்டான். ஹாரி பாட்டர் ரெண்டாவது புக்குல பதினஞ்சாவது அத்தியாயத்துல ராட்சச எட்டுக்கால் பூச்சிங்க கூட்டம் கூட்டமா வரும், அவனுக்கு அந்த ஒரு அத்தியாயம்தான் பிரச்சினை, மத்ததெல்லாம் ஜாலி. அக்காவுக்கு பூச்சியெல்லாம் தூசு. அதே புக்குல ஸ்கூலே சேர்ந்து ஹாரியை சந்தேகப்படும், யாரும் பக்கத்துல உக்கார மாட்டாங்க, அந்த இடத்துலதான் புக்கை மூடி வெச்சுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டா. ஒரே வீடு, ஒரே புக்கு, ரெண்டு பிள்ளைக்கும் வலிக்கிற இடம் வேற வேற. எந்த ரிவ்யூவுலயும் உங்க பிள்ளைக்கு வலிக்கிற இடம் எழுதியிருக்காது.

வீட்டுல நடந்தது எதுக்குன்னா, இந்த மாதிரி கதைகள்ல முக்கால்வாசி அப்பா அம்மா இல்லாத பிள்ளைலதான் ஆரம்பிக்கும், பெரியவங்க கூட இருந்தா பிள்ளை தனியா சாகசம் பண்ண முடியாதே, அதனால எழுதுறவங்க அவங்களை ஓரம் கட்டிடுவாங்க. தாத்தா இப்பதான் தவறினார், அம்மா ஆஸ்பத்திரில இருந்துட்டு வந்தாங்க, அப்பா வெளிநாடு போயிட்டார்னு இருக்கிற வீட்டுல அதே கதை வேற மாதிரி இறங்கும். அப்படி எதாவது இருந்தா கொஞ்சம் தள்ளிப் போடுங்க, புக்கு எங்கயும் ஓடிப் போகாது.

2. அட்டையில இருக்கிற வயசு, ஹீரோவோட வயசு, அவார்டு: மூணையும் அப்படியே நம்பிடாதீங்க

இங்கிலீஷ் புக்குல மிடில் கிரேட்னா சுமாரா 8லருந்து 12 வயசு, யங் அடல்ட்னா 12, 13க்கு மேல. கடையில ரெண்டும் ஒரே அலமாரில கலந்து கிடக்கும், அட்டைல டிராகன் இருந்தா போதும் குழந்தைங்க செக்ஷன்ல சொருகிடுவாங்க. அதனால பின் அட்டையைத் திருப்பி எந்த வகைன்னு பாக்குறது முதல் வேலை, ஆனா அதோட நிறுத்திடக் கூடாது.

ஹீரோவுக்கு பதினொரு வயசு, அப்ப என் பிள்ளைக்கு சரியா இருக்கும்னு நிறைய பேர் கணக்குப் போடறாங்க. பிலிப் புல்மேன் எழுதின நார்தர்ன் லைட்ஸ் 1995ல வந்துச்சு, அமெரிக்காவுல அதுக்கு கோல்டன் காம்பஸ்னு பேரு. பிரிட்டன்ல குழந்தைங்க புக்குக்குக் குடுக்கிற கார்னகி மெடல் வாங்கினது, கதாநாயகி சின்னப் பொண்ணு, பேசுற கரடி எல்லாம் உண்டு. அந்தப் பொண்ணு உயிரைக் குடுத்துத் தேடிப் போற ஃப்ரெண்டு கடைசில செத்துப் போறான், கிட்டத்தட்ட அதோட புக்கு முடிஞ்சுடும். அருமையான புக்கு, அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல, ஆனா எட்டு வயசுப் பிள்ளை ராத்திரி தனியா அந்தக் கடைசிப் பக்கத்தை மூடுறதை யோசிச்சுப் பாருங்க. மெடல் கதை நல்லா இருக்குன்னுதான் சொல்லும், எந்த வயசுக்குன்னு சொல்லாது.

இன்னொரு பொறி லெக்சைல் நம்பர். சில ஸ்கூல்ல பிள்ளைக்கு இந்த லெவல்னு சீட்டு எழுதிக் குடுத்துடறாங்க, நாமளும் அந்த நம்பரைத் தேடி வாங்கிடறோம். அது வாக்கியம் எவ்வளவு நீளம், வார்த்தை எவ்வளவு கஷ்டம்னு மட்டும் பாக்குற கணக்கு. பெரியவங்க படிக்கிற கிரேப்ஸ் ஆஃப் ராத் நாவலுக்கு 680தான், ஹாரி பாட்டர் முதல் புக்குக்கு 880னு போட்டிருப்பாங்க. படிக்க முடியுமாங்கறது வேற கேள்வி, தாங்குமாங்கறது வேற கேள்வி.

3. காசு குடுக்கிறதுக்கு முன்னாடி புரட்டிப் பாருங்க

பேப்பர்பேக் ஒண்ணு 300லருந்து 600 ரூபா வரைக்கும் போகும், சீரீஸ் செட்டுன்னா பல ஆயிரம். வாங்கிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு நினைக்காதீங்க, புக்கு ஒரு தடவை பிள்ளை கைக்குப் போயிட்டா திருப்பி வாங்குறது லேசுப்பட்ட காரியம் இல்ல. அமேசானோட இ-புக்கு ஆப் கிண்டில்ல பெரும்பாலான புக்குக்கு சாம்பிள் ஃப்ரீயா வரும், ஃபோன்லயே ஆப் போட்டுப் படிச்சுக்கலாம், தனி மிஷின் வேண்டாம். ஆனா சாம்பிள்ல ஆரம்பம் மட்டும்தான் இருக்கும், நமக்குக் கடைசிப் பகுதிதான் முக்கியம், அதனால லைப்ரரிக்கு ஒரு நடை போயிடுங்க. சென்னைல கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைல 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், ரெண்டுலயும் குழந்தைங்களுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, அங்கயே உக்காந்து புரட்டலாம். ஊர்ல கிளை நூலகத்துல மெம்பர் ஆகணும்னா ஆதார் நகலும் ஃபோட்டோவும் கொண்டு போங்க, ஃபாரத்துல வேற யார் கையெழுத்தாவது வேணுமான்னு முதல் நாளே கேட்டுக்குங்க, இல்லன்னா அதுக்கே இன்னொரு தடவை அலையணும்.

பிளாட்பாரத்துல 150 ரூபாக்குக் கிடைக்கிற பைரேட்டட் காப்பி வேண்டவே வேண்டாம். எழுத்து மங்கலா இருக்கும், நடுவுல பக்கம் விட்டுப் போயிருக்கும், அந்தப் பொடி எழுத்தைப் படிக்க முடியாம பிள்ளை எனக்கு வாசிப்பே வராதுன்னு நினைச்சுக்கும். விலை குறைவா வேணும்னா நல்ல பழைய புக்கு கடைக்குப் போங்க, இல்ல புத்தகக் கண்காட்சி வரைக்கும் காத்திருங்க, அங்க பத்து சதவீதமாவது தள்ளுபடி இருக்கும்.

சாம்பிளை வெச்சு பிள்ளைக்கு அஞ்சு விரல் டெஸ்ட் பண்ணிடலாம். ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்க, தெரியாத வார்த்தை வர்றப்பல்லாம் ஒரு விரலை மடக்கணும், பக்கம் முடியறதுக்குள்ள அஞ்சும் மடங்கிட்டா இப்போதைக்குத் தனியாப் படிக்கிற புக்கு இல்ல. தமிழ்ல படிக்கிறதுக்கும் இதே டெஸ்டுதான். ஹாரி பாட்டர் முதல் புக்கு தமிழ்லயும் இருக்கு, ஆனா இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்குத் தமிழ்னா சுலபம்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க, எழுத்துத் தமிழ் நிறைய பிள்ளைங்களுக்கு இன்னும் கஷ்டமா இருக்கு.

4. எந்தெந்தப் பக்கம் படிக்கணும்

ஒரு சாயங்காலம் முழுக்க இதுக்குத்தான். முதல் அத்தியாயம், நடுவுல ஏதாவது ஒரு அத்தியாயம், அப்புறம் கடைசி அஞ்சுல ஒரு பங்கு, இந்த மூணையும் படிங்க. கடைசி அஞ்சுல ஒரு பங்கை மட்டும் தாண்டிப் போகாதீங்க. எழுதுறவங்க கையில இருக்கிற பயங்கரத்தை எல்லாம் அங்கதான் கொட்டுவாங்க, பிள்ளையும் அங்கதான் நிறுத்த முடியாம பதினோரு மணி வரைக்கும் போர்வைக்குள்ள படிக்கும்.

ஹாரி பாட்டர் முதல் புக்கையே எடுத்துக்கலாம், மொத்தம் 17 அத்தியாயம். முதல் பாதி முழுக்க ரயிலு, மிட்டாயி, மந்திரக்கோலு, புது ஸ்கூலு. பதினஞ்சாவது அத்தியாயத்துல ராத்திரி காட்டுக்குள்ள செத்துக் கிடக்கிற யூனிகார்னோட ரத்தத்தை முக்காடு போட்ட ஒரு உருவம் குடிக்கும். பதினேழுல ஒருத்தர் தலைப்பாகையை அவிழ்ப்பார், பின்மண்டைல இன்னொரு முகம். இந்த ரெண்டு இடத்தையும் படிச்சுட்டு தாள்ல இருக்கிற பயத்தோட ஒத்துப் பாருங்க, முதல் புக்கு ஆகுமா ஆகாதான்னு அப்பவே தெரிஞ்சுடும்.

நேரம் இல்லன்னா காமன் சென்ஸ் மீடியான்னு ஒரு அமெரிக்க அமைப்பு இருக்கு, அவங்க சைட்ல புக்குக்கு வயசு போட்டு வன்முறை எவ்வளவு, கெட்ட வார்த்தை எவ்வளவுன்னு தனித்தனியாப் பிரிச்சு வெச்சிருப்பாங்க. பெத்தவங்க சொல்ற வயசும் பிள்ளைங்க சொல்ற வயசும் தனித்தனியா இருக்கும், ரெண்டும் ரொம்ப விலகி இருந்தா அந்த புக்கை அவசியம் நீங்களே புரட்டிப் பாருங்க. அங்க இருக்கிறது அந்த ஊர் கணக்கு, கடவுள் பத்தியும் காதல் பத்தியும் அவங்களுக்கு உறுத்துறது நமக்கு உறுத்தாது, நமக்கு உறுத்துறது அவங்க கண்ணுலயே படாது.

எத்தனை பேர் எதிர்க்கிறாங்கன்னு பாத்தும் முடிவு பண்ணாதீங்க. அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட லிஸ்ட்ல 2000லருந்து 2009 வரைக்கும் அதிகமா எதிர்ப்பு வந்தது ஹாரி பாட்டர் வரிசைக்குத்தான், பெரும்பாலும் மந்திரம் சூனியம்ங்கற காரணத்துக்காக. மாயாஜாலக் கதையிலயே வளர்ந்த நமக்கு அது ஒரு காரணமே இல்ல.

5. பயம் இருக்கான்னு தேடாதீங்க, பயத்தை எப்படிக் கையாளுறாங்கன்னு தேடுங்க

இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற விஷயம். நரசிம்மர் தூணைப் பிளந்துட்டு வந்து குடலை உருவின கதை, நல்லதங்காள் ஏழு பிள்ளையையும் கிணத்துல போட்ட கதை, இதெல்லாம் கேட்டு வளர்ந்த ஊரு இது. ரத்தம்னு சொன்னாலே பிள்ளை கெட்டுப் போயிடும்னா நாம யாருமே உருப்பட்டிருக்க முடியாது. ஆனா அந்தக் கதையைச் சொன்னது பாட்டி, மடியில படுத்துக்கிட்டு கேட்டோம், நடுவுல "அப்புறம் அந்தக் குழந்தைங்க என்னாச்சு பாட்டி"ன்னு கேட்டா பாட்டி நம்ம முகத்தைப் பாத்துட்டு கொஞ்சம் மாத்திச் சொல்லும். புக்கு மாத்திச் சொல்லாது. பிள்ளை தனியா, ராத்திரியில, கேக்க ஆள் இல்லாம அந்தப் பக்கத்துல நிக்கும். அதனால பயமான இடம் வந்ததும் மூணு கேள்வி கேட்டுப் பாருங்க.

அந்த நேரத்துல கதைக்குள்ள பிள்ளை பக்கத்துல யாராவது இருக்காங்களா? ஹாரி பாட்டர் மூணாவது புக்குல டிமென்டர்னு ஒண்ணு வரும், மனசுல இருக்கிற சந்தோஷத்தையே உறிஞ்சிடும், படிக்கிற எனக்கே சில்லுன்னு இருந்துச்சு. ஆனா உடனே ஒரு வாத்தியார் சாக்லேட் ஒடிச்சுக் குடுத்து சாப்பிடுன்னு சொல்றார், அப்புறம் அதை விரட்டுறதுக்கு மந்திரமும் சொல்லித் தர்றார். பயத்தோட கூடவே மருந்தும் கிடைக்குது. அதுக்கு எதிர்ப்பக்கம் நீல் கெய்மன் எழுதி 2002ல வந்த கோரலைன். சின்ன புக்கு, ஒரே நாள்ல முடிச்சுடலாம், ஆனா அப்பா அம்மாவே காணாமப் போயிடறாங்க, அம்மா மாதிரியே இருக்கிற ஒருத்தி கண்ணுல பட்டன் தைக்கணும்ங்கறா, கைகுடுக்க ஒரு பூனையை விட்டா பெரியவங்க யாரும் கிடையாது. பக்கம் கம்மி, அதனால சின்னப் பிள்ளைக்கு ஆகும்னு நினைச்சுடாதீங்க.

ரெண்டாவது, பயம் எவ்வளவு தூரம் இழுக்குது? நடுவுல சாப்பாடோ சிரிப்போ சண்டையோ ஏதாவது வந்து மூச்சு விட இடம் குடுக்குதா?

மூணாவது, அத்தியாயம் எங்க முடியுது? இதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நார்னியா வரிசையில முதல்ல வந்த புக்கு த லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப், 1950ல வந்துச்சு, அதுல பதினாலாவது அத்தியாயத்தோட கடைசில அஸ்லான்ங்கற சிங்கத்தைக் கட்டிப் போட்டுக் கொல்லுவாங்க, பதினஞ்சுல உயிரோட திரும்பி வரும். தினம் ஒரு அத்தியாயம்னு படிக்கிற பிள்ளை பதினாலோட நிறுத்தினா அன்னிக்கு ராத்திரி சிங்கம் செத்தபடியேதான் இருக்கும். அந்த ரெண்டையும் ஒரே உக்காருல, முடிஞ்சா சனிக்கிழமை பகல்ல படிக்க வைங்க. புக்கை மறுக்க வேண்டாம், நேரத்தை மாத்தினாலே போதும், இந்த மாதிரி இடம் நிறைய புக்குல இருக்கு.

6. யாரைப் பாத்து சிரிக்க வைக்கிறாங்க

ரத்தத்தை விட எனக்கு இதுதான் கவலை. ஹாரி பாட்டர் முதல் புக்குல ஹாரியோட பெரியம்மா பையன் கெட்டவன், சரி, ஆனா அவன் குண்டா இருக்கிறதையே திரும்பத் திரும்ப சிரிப்பாக்கியிருப்பாங்க, பன்னிக்கு விக் வெச்ச மாதிரின்னு ஒரு வரி வரும், நாலாவது அத்தியாயத்துல அவனுக்குப் பன்னி வாலே முளைக்கும். கிளாஸ்ல குண்டுன்னு கேலி பண்ணப்படுற பிள்ளைக்கு அந்தப் பக்கம் வேடிக்கையா இருக்காது. அதே மாதிரி நல்லவங்கன்னா வெளுப்பு, கெட்டவங்கன்னா கறுப்புன்னு வர்ணிக்கிற ஃபேன்டஸி ஏராளமா இருக்கு, நம்ம வீட்டுலயே கல்யாணப் பேச்சுலருந்து பவுடர் விளம்பரம் வரைக்கும் நிறத்தைப் பத்தி பிள்ளை காதுல விழுந்துட்டே இருக்கு, அதுக்கு மேல இதுவும் வேணுமா. இதுக்காக புக்கை ஒதுக்கணும்னு நான் சொல்லல, அந்தப் பக்கம் வர்றப்ப "இவன் குண்டா இருக்கிறதா தப்பு, பண்றதா தப்பு?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, பிள்ளைங்க நாம நினைக்கிறதை விட நல்லாவே பதில் சொல்லும்.

பழைய புக்கு கடையில வாங்குனா காப்பிரைட் பக்கத்துல எந்த வருஷப் பதிப்புன்னு பாருங்க. சார்லி அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி 1964ல வந்தப்ப ஃபேக்டரில வேலை செய்யுற ஊம்பா லூம்பாக்களை ஆப்பிரிக்காவுலருந்து கொண்டு வந்த குள்ள மனுஷங்களா எழுதியிருந்தாங்க, எதிர்ப்பு வந்து 1973ல மாத்துனாங்க. 2023ல அதை எழுதின ரோல்ட் டாலோட புக்குங்கள்ல வார்த்தைகளைத் திரும்ப மாத்தப் போய் பெரிய சர்ச்சையாச்சு, பழைய வடிவத்தையும் தனியா விப்போம்னு பதிப்பகம் சொல்லுச்சு. அதனால அட்டையில ஒரே பேரு இருந்தாலும் உள்ள இருக்கிறது ஒண்ணா இருக்கணும்னு இல்ல.

7. சீரீஸ்னா செட்டா வாங்காதீங்க

ஹாரி பாட்டர் 1997ல ஆரம்பிச்சு 2007ல முடிஞ்சுது. பிரிட்டிஷ் பதிப்புல முதல் புக்கு 223 பக்கம், நாலாவது 636, அஞ்சாவது 766. தடிமன் ஏற ஏற கதையும் இருட்டாகும். வந்தப்ப படிச்ச பிள்ளைங்க ஒவ்வொரு புக்குக்கும் ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னு காத்திருந்தாங்க, அவங்களும் கூடவே வளர்ந்தாங்க. இப்ப பிள்ளை லீவுல ஏழையும் வரிசையா முடிச்சுடுது, ஒன்பது வயசுலயே ஏழாவது புக்குல வந்து நிக்கும்.

முதல் மூணு ஒரு ரகம். நாலாவதுல முதல் அத்தியாயத்துலயே வயசான தோட்டக்காரரைக் கொன்னுடுவாங்க, கடைசிப் பக்கம் போறப்ப ஸ்கூல் பையன் ஒருத்தன் ஒரு நொடில, எந்தக் காரணமும் இல்லாம சாவான். அஞ்சாவதுல ஒரு டீச்சர் தண்டனைன்னு எழுத வைப்பாங்க, எழுத எழுத பையனோட கையிலயே அந்த எழுத்து கீறும், ஸ்கூல்ல அடி வாங்குற பிள்ளைக்கு அது அரக்கனை விட மோசம். செட்டா வாங்கினா 1000 ரூபா மிச்சம்னு கடையில சொல்லுவாங்க, ஆனா வீட்டு அலமாரில ஏழும் நின்னா நாலாவதை எப்படி நிறுத்தி வைப்பீங்க? மூணு வாங்குங்க, நாலாவதுக்குத் திரும்பவும் முதல் படிலருந்து பாருங்க, அதுக்குள்ள பிள்ளையும் மாறியிருக்கும். படம் பாத்துட்டான் அதனால புக்கும் ஓகேன்னும் நினைக்காதீங்க, படத்துல ரெண்டு நிமிஷத்துல முடியறது புக்குல பத்துப் பக்கம் நிக்கும்.

8. முடிவு: தனியா, கூட உக்காந்து, அடுத்த வருஷம்

குடுக்கலாம், கூடாதுன்னு ரெண்டோட நிக்க வேண்டாம். தாள்ல எழுதினது எதுவும் புக்குல இடிக்கல, அஞ்சு விரல் டெஸ்டும் பாஸுன்னா தனியாப் படிக்கட்டும். ஒண்ணு ரெண்டு இடம் இடிக்குதுன்னா அந்த அத்தியாயத்தை மட்டும் நீங்க சத்தமாப் படிங்க, ஒரு அத்தியாயத்துக்கு அரை மணிலருந்து முக்கால் மணி ஆகும், தாத்தா பாட்டி கூட செய்யலாம். பிள்ளைக்கு இப்ப இருக்கிற காயத்துலயே கதை கை வைக்குதுன்னா அடுத்த வருஷம். அப்ப வேண்டாம்னு ஒத்தை வார்த்தையில சொல்லாதீங்க, உன் பொறந்த நாளுக்கு அப்புறம் சேர்ந்து ஆரம்பிக்கலாம்னு ஒரு தேதி சொல்லுங்க, அந்தத் தேதியைக் காப்பாத்துங்க. தேதி இல்லாம மறுத்தா ஃப்ரெண்டு வீட்டுல போய் படிச்சுக்கும், அப்ப ஏதாவது பயந்தாலும் நம்மகிட்ட வந்து சொல்லாது.

9. குடுத்த அப்புறம் முதல் வாரம்

தினம் எத்தனாவது பக்கம்னு கேக்காதீங்க, யாரைப் பிடிச்சிருக்கு, யார் மேல கோவம்னு கேளுங்க. லைட்டை அணைக்க விடாம இருக்கிறது, திடீர்னு நம்ம பக்கத்துல வந்து படுக்கிறது, நீங்க செத்துடுவீங்களான்னு கேக்குறது, இதெல்லாம் தெரிஞ்சா புக்கைப் பிடுங்காதீங்க, படிக்கிற நேரத்தை ஸ்கூல் விட்டு வந்ததும்னு மாத்துங்க, அடுத்த அத்தியாயத்தை நீங்க படிங்க. பிள்ளையே நிறுத்திட்டேன்னு சொன்னா நிறுத்தட்டும், காசு குடுத்து வாங்கினது முடின்னு கட்டாயப்படுத்தாதீங்க. தாள்ல எந்தப் பக்கத்துல நிறுத்துச்சுன்னு குறிச்சு புக்குக்குள்ளயே சொருகி வைங்க, அடுத்த புக்கு எடுக்கிறப்ப பாதி வேலை அதுலயே முடிஞ்சிருக்கும்.